பூனையின் பொருட்டு ஒரு கடற் பயணம்

நெடுந்தீவுக்குச் செல்வோருட் சிலர் ஒல்லாந்தர் காலத்து இடிபாடுகளைக் காண விழைவர். சிலர் குதிரைகளைக் காண விழைவர். வேறு சிலர் உறவினர் வீட்டு நன்மை தீமைகளுக்குச் செல்வர். நாம் சென்ற சித்திரை விடுமுறையில் அத்தீவுக்குச் சென்றது ஒரு பூனையின் பொருட்டு என்றால் வாசகர் நகைப்பர். நகைப்பினும், அப்பயணத்தில் நாம் கற்றது ஒன்றுண்டு. அது பூனை வளர்க்கும் வீட்டார்க்கெல்லாம் பயன்படக் கூடியது.

எலித் தொல்லை தாங்காது சென்ற ஆண்டிலே ஒரு பெண் பூனைக்குட்டியை வீட்டிற்குக் கொண்டுவந்தோம். பிள்ளைகள் அதற்குச் செல்லி என்று பெயரிட்டனர். உரிய வயதில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்துவிடுமாறு மிருக வைத்தியர் முன்னரே கூறியிருந்தார். "இன்னுங் குட்டிதானே, பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும்" என்று நாம் நாட்கடத்தினோம். மாசி மாதக் கடைசியில் ஓரிரவு செல்லி முற்றத்திலே புரண்டு புரண்டு கத்திற்று. மதிலின்மேற் சாம்பல்நிறக் கடுவன் ஒன்று வந்து அமர்ந்திருந்தது. மூன்று வாரங் கழிந்ததும் அதன் முலைக்காம்புகள் சிவந்து பருத்தன. அது சினையாகியிருந்தது.

மிருக வைத்தியர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. பூனை நான்கு மாதத்திலேயே பருவமடைதலுமுண்டு என்றும், சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரம் என்றும் விளக்கினார். குளிர்நாடுகளில் பகற்பொழுது குறுகும் மாதங்களிற் பூனையின் பருவம் ஓய்ந்திருக்கும். எமது நாட்டிலோ அதற்கு ஓய்வில்லை, ஆண்டு முழுவதும் வரும் என்றார். "இப்பொழுதும் சத்திரசிகிச்சை செய்யலாம், அதனோடு கருவும் நீங்கிவிடும். அன்றேல், ஈனவிட்டுக் குட்டிகள் பால்மறந்தபின் செய்யலாம். ஆனால் குட்டிகளுக்கு வீடு தேடுவது உங்கள் பொறுப்பு" என்று முடித்தார். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தோம். ஈனட்டும் என்று கூறி வீடு திரும்பினோம்.

வீடு தேடுவது எளிதன்று என்பதை இரண்டொரு நாளிலே உணர்ந்தோம். கேட்டவரெல்லாம் கையை விரித்தனர். அயலவர் ஒருவர், "சாக்கிலே கட்டிச் சந்தையடியில் விட்டால் வழிகண்டு வந்துவிடும். கடலுக்கு அப்பால் விட்டால் வராது" என்றார். அச்சொல் எம் உள்ளத்திற் புகுந்துகொண்டது. நெடுந்தீவிலே எம் தாயாரின் ஒன்றுவிட்ட தமையனார் ஒரு சிறு கடை வைத்திருக்கிறார். "பரந்த தீவு, எப்படியும் பிழைத்துக்கொள்ளும்" என்று எமக்கு நாமே ஆறுதல் கூறிக்கொண்டு, குட்டிகள் பிறக்கு முன்னரே அவரிடம் பேசி வைப்பதற்குப் புறப்பட்டோம். செல்லியை மாமியாரின் காவலில் விட்டு, மகளை மட்டும் உடன் அழைத்துக்கொண்டோம்.

பண்ணைத் தாம்போதியில் விடியற்காலத்திற் செல்வது ஒரு தனியின்பம். இருமருங்கும் ஆழமற்ற கடல். இடுப்பளவு நீரில் நின்று வலைவீசுவோர் சிலர். அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிந்தன. மற்றொரு தாம்போதியைக் கடந்தால் புங்குடுதீவு. அதன் எல்லையில் உள்ளது குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கே நின்றவருட் பெரும்பாலோர் நயினை நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்பவர். நெடுந்தீவுப் படகிலோ அரிசி மூடைகளும், எரிவாயு உருளைகளும், கோழிக் கூடுகளும், ஊர் திரும்பும் மக்களும் நெருங்கியிருந்தனர். ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகு அலையிலே ஆடி ஆடிச் சென்றது. "அப்பா, குட்டியளுக்குக் கடல் தலைசுத்தாதோ?" என்று மகள் வினாவினாள். நாம் விடை கூறாது கடலைப் பார்த்திருந்தோம்.

நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. ஒல்லாந்தர் எமது தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினர். அவற்றுள் இன்றும் வழக்கில் நிலைத்திருப்பது நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயரே. இங்கே கிடுகு வேலி அருமை. பவளப்பாறைக் கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில்களே வளவுகளைப் பிரிக்கின்றன. ஒருவர் உள்ளே புகுந்து நிற்கத்தக்க பொந்துடைய பெருக்கமரம் ஒன்றுண்டு. ஆபிரிக்காவுக்குரிய அம்மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்பர். நன்னீர் அருமையான இத்தீவிலே சாராப்பிட்டிக் கிணறுகள் பெயர்பெற்றவை.

மாமா எம்மை அன்போடு வரவேற்றார். வந்த காரணத்தைக் கேட்டதும் ஒன்றும் பேசாது, முச்சக்கர வண்டி ஒன்றை அழைத்து எம்மைக் குதிரைகள் மேயும் வெளிக்குக் கூட்டிச் சென்றார்.

வெயிலில் வெந்து கிடந்த வெளி. ஆங்காங்கே பனைகள். குட்டையான கபிலநிறக் குதிரைகள் பத்துப் பன்னிரண்டு, வற்றிப்போன ஒரு குளத்தின் சேற்றைச் சுற்றி நின்றன. ஒன்றின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். அதன் அருகிலே கால் தளர்ந்த குட்டியொன்று. போர்த்துக்கேயர் காலத்திற் கொண்டுவரப்பட்டு, ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் படைத் தேவைக்கென இங்கே வளர்க்கப்பட்ட குதிரைகளின் சந்ததி இவை என்பர். தேவை தீர்ந்தது, வளர்த்தவர் போயினர், குதிரைகள் நின்றன. 2015 ஆம் ஆண்டில் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. எனினும் மழை பொய்த்த காலங்களில் நீரும் புல்லுமின்றிக் குதிரைகள் இறப்பதுண்டு.

"தம்பி," என்றார் மாமா, "ஒண்டைத் தா, வாங்கிறன். கடையிலை எலி இருக்கு; அதுக்கு வேலையும் இருக்கு, சோறும் இருக்கு. மிச்சத்தை இஞ்சை விட்டிட்டுப் போறன் எண்டு மட்டும் சொல்லாதை. இந்தக் குதிரையளையும் ஒரு காலத்திலை ஆரோ விட்டிட்டுத்தானே போனவை?"

மகள் எம் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். வகுப்பறையிலே ஜீவகாருண்யம் பற்றிப் பல முறை பேசிய வாய்க்கு அப்பொழுது ஒரு சொல்லும் வரவில்லை. பரந்த வெளியிற் சுதந்திரமாய்த் திரியும் குதிரைகள் என்று படங்களிலே கண்டு மகிழ்ந்திருந்தோம். மனிதன் கொண்டுவந்து பழக்கிய பிராணியை அவனே கைவிட்டபின், அதன் நிலையைச் சுதந்திரம் என்று சொல்லலாமா? வீட்டுச் சோற்றிற் பிறக்கும் பூனைக்குட்டிக்கு வேட்டையாடத் தாயே கற்பித்தல் வேண்டும். அதற்கு முன்னே தாயைப் பிரித்து அறியாத கரையில் இறக்குவது, கொல்லாமற் கொல்வதே. பின்னேரப் படகிலே திரும்பினோம்.

வைகாசி பிறக்குமுன் செல்லி நான்கு குட்டிகளை ஈன்றது. பழைய சேலை விரித்த பெட்டியொன்றை, இருளும் வெதுவெதுப்பும் உள்ள மூலையில் முன்னரே வைத்திருந்தோம். முதல் வாரத்திலே குட்டிகளை அடிக்கடி கையிலெடுக்கப் பிள்ளைகளை விடவில்லை. பத்து நாளளவிற் கண்கள் திறந்தன. பால் கொடுக்கும் காலத்திலேயே தாய் மீண்டும் சினையாகக் கூடும் என்று மிருக வைத்தியர் எச்சரித்திருந்தபடியால், இம்முறை செல்லியை வெளியே விடாது கதவடைத்துக் காத்தோம். நாலாம் வாரத்தில் மசித்த மீனுஞ் சோறும் தின்னத் தொடங்கிய குட்டிகளை எட்டு வாரம்வரை தாயோடு வைத்திருந்தோம்.

அந்த எட்டு வாரமும் வீடு தேடும் காலமாயிற்று. உடன் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் ஒன்றை ஏற்றார். எம் மாணவன் ஒருவனின் பாட்டியார் மற்றொன்றைக் கேட்டு வாங்கினார். மூன்றாவது, சாம்பல்நிறக் கடுவன் குட்டி, எம்மோடு தங்கிவிட்டது. பால்மறந்தபின் செல்லிக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. இரண்டாம் நாளே எழுந்து அடுப்படியில் மீன்தலைக்குக் கத்திற்று. கடுவனுக்கும் உரிய காலத்திற் செய்விக்க நாள் குறித்துள்ளோம். விசர்நோய்த் தடுப்பூசியும் போடுவிக்க வேண்டும். பரீட்சையைக் காரணங்காட்டி நாட்கடத்தும் எண்ணம் இனி இல்லை.

நான்காவது குட்டியை மூடியுள்ள பனையோலைப் பெட்டியில் வைத்து, ஆடி மாதத்தில் மகளும் நாமும் மீண்டும் குறிகட்டுவானிற் படகேறினோம். காற்றுக் காலமாதலால் அலை பெரிதாக இருந்தது. மகள் பெட்டியை மடியில் அணைத்து, மூடியின் இடுக்கில் ஒரு விரலை விட்டபடியே இருந்தாள். இறங்குதுறையில் மாமா காத்துநின்றார். கையிலே ஒரு சிறு கிண்ணத்தில் அவித்த மீன் இருந்தது.

போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். எலி குறைந்துவிட்டதாம். குட்டி பகலெல்லாம் அரிசி மூடையின்மேல் உறங்குகிறதாம். மழை பெய்து குளத்தில் நீர் நிற்கிறது என்றும், குதிரைகள் தேறியிருக்கின்றன என்றும் சொன்னார்.