அலை பாடும் ஊரில் ஒரு வீடு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

"கல்விச் சுற்றுலாவுக்கு எந்த ஊருக்குப் போகலாம்?" என்று எங்கள் பேராசிரியர் கேட்டதுதான் தாமதம், வகுப்பறையே அலைகடலாக ஆர்ப்பரித்தது. "கோவா!" என்றது ஒரு குரல். "கோவளம்!" என்றது மற்றொன்று. "புதுச்சேரி!" என்றனர் கடைசி வரிசையினர். மலையூரின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. கடல் என்றால் இளைஞர் உள்ளம் துள்ளுவது இயற்கைதானே!

பட்டியல் கரும்பலகையில் நீண்டது. பிறகு தலைக்கு எவ்வளவு ஆகும் என்ற கணக்கு வந்தது. கோவா முதலில் அழிந்தது, கோவளம் அடுத்து அழிந்தது. இறுதியில், பேருந்தில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய தரங்கம்பாடி மட்டும் எஞ்சி நின்றது. "பக்கத்து ஊர்தானே!" என்று பலர் முகம் சுளித்தனர். நான் மட்டும் தலை குனிந்திருந்தேன். காரணம், அதுதான் என் ஊர்.

வகுப்பில் இருவரைத் தவிர யாருக்கும் அது தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை கடல் தொழிலாளி. அம்மா மீன் கூடை சுமந்து ஊர் ஊராக விற்பவர். அதைச் சொல்ல நாணினேன் என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

குறித்த நாளில் புறப்பட்டோம். ஊரின் பழைய நுழைவாயிலைக் கடந்து, கடலை நோக்கி நேராகச் செல்லும் ராஜ வீதியில் நடந்தோம். தரங்கம் என்றால் அலை, அலை பாடும் இடம் தரங்கம்பாடி என்று பெயர்ப் பொருளை விளக்கிக்கொண்டே வந்தார் பேராசிரியர். தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று டேனிஷ்காரர்கள் 1620-இல் கோட்டை எழுப்பிய வரலாற்றையும், 1845-இல் இவ்வூரை ஆங்கிலக் கம்பெனியாரிடம் அவர்கள் விற்றுச் சென்றதையும் கூறினார். 1706-இல் இங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார் என்று கேட்டபோது எனக்கே வியப்பாக இருந்தது. அந்த வீதிகளில் விளையாடி வளர்ந்த எனக்கு அவற்றின் கதை தெரிந்திருக்கவில்லை!

கோட்டைக்கு அருகே கடலோரம் நிற்கிறது மாசிலாமணி நாதர் கோயில். பாண்டியர் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் சிறிது சிறிதாகக் கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைக் காக்கப் பாறைகளைக் குவித்திருக்கிறார்கள். நண்பர்கள் அப்பாறைகளின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

கோட்டையின் மேல்தளத்தில் நின்றபோது கடற்காற்று எங்களைத் தழுவிச் சென்றது. நிலம் விரைவில் சூடேறுகிறது, நீர் மெல்லச் சூடேறுகிறது. ஆகவே பகலில் நிலத்தின்மேல் உள்ள காற்று எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. பாடநூலில் மனப்பாடம் செய்ததை அன்று உடம்பால் உணர்ந்தோம். அப்போது என் தோழி சொன்னாள்: "இந்த ஊரிலேயே ஒரு வீடு கிடைத்தால் எப்படி இருக்கும்! சன்னலைத் திறந்தால் கடல். வேறென்ன வேண்டும்?"

என் வாய் என்னை மீறிப் பேசியது. "எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு சன்னல் இருந்தது."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் பார்க்காத வீடு அது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. என் அம்மா என்னை வயிற்றில் சுமந்துகொண்டு பக்கத்து ஊரில் தாய்வீட்டில் இருந்தார். அப்பா கடலுக்குள் இருந்தார். தாத்தா கரையில் அமர்ந்து வலை சீர்செய்துகொண்டிருந்தார். சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்து இரண்டு மணி நேரத்திற்கு மேல் கழித்து அலை வந்தது. கடலுக்குப் போன அப்பா திரும்பி வந்தார். கரையில் இருந்த தாத்தா திரும்பி வரவில்லை. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் என் தாத்தா.

இது எப்படி நேரும் என்று சிறு வயது முதல் எனக்குப் புரியாமலே இருந்தது. விடையைப் பேராசிரியர் அங்கேயே சொன்னார். ஆழிப்பேரலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வேகம் கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அங்கே அலையின் உயரம் மிகக் குறைவு, படகில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. 10 மீட்டர் ஆழத்திற்கு வரும்போது வேகம் ஏறத்தாழ 36 கிலோமீட்டராகக் குறைகிறது. பின்னால் வரும் நீர் முன்னால் உள்ளதை நெருக்க, அலை எழுந்து நிற்கிறது. ஒரு சூத்திரத்தின் ஒரு முனையில் என் அப்பாவும் மறுமுனையில் என் தாத்தாவும் இருந்தார்கள் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு செய்தி வந்திருந்தால்? அதை எண்ணாத நாளில்லை. 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. இனி ஓர் அலை கிளம்பினால் செய்தி முந்திக்கொள்ளும் என்ற நம்பிக்கை இன்று எங்கள் கரைக்கு இருக்கிறது.

அதன்பின் எங்கள் குடும்பத்தின் முன் ஒரு கேள்வி வந்தது. கடலோரம் 200 மீட்டருக்குள் வீடிழந்தோர் அதற்கு அப்பால் புதிய வீடு பெறலாம், ஆனால் பழைய மனையை அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று 2005-இல் அரசாணை வந்தது. அதற்கு மனமில்லாதவர்கள் அங்கேயே இருக்கலாம், தம் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசின் உதவி கிடையாது. எந்த ஊரில், எந்த இடத்தில் வாழ்வது என்ற தேர்வைச் சுற்றுலா போகிறவர்கள் கரும்பலகையில் செய்கிறார்கள். என் அப்பாயி அதைத் தார்த்தாள் வேய்ந்த தற்காலிகக் கொட்டகையில், பிறந்த குழந்தையான என்னை மடியில் வைத்துக்கொண்டு செய்தார். பெருவிரல் ரேகை வைத்துப் பழைய மனையை எழுதிக் கொடுத்தார்.

இதைச் சொல்லி முடித்ததும், "அந்த இடத்தைப் பார்க்கலாமா?" என்று தோழி கேட்டாள். பேராசிரியரிடம் அனுமதி பெற்று ஐந்தாறு பேராக நடந்தோம். வீடு இருந்த மண்ணில் இப்போது வலைகள் கிடக்கின்றன. அப்பாயி அங்கேதான் இருந்தார். மனையை எழுதிக் கொடுத்தாலும், நாள்தோறும் கருவாடு காயவைப்பது அந்த மணலில்தான்.

"எல்லாம் எங்க பாப்பாகூடப் படிக்கிற புள்ளைகளா?" என்று எழுந்து நின்றார். அவர் கையில் மீன் செதிள் ஒட்டியிருந்தது. எந்த நொடியை எண்ணி இரண்டாண்டுகள் அஞ்சினேனோ, அது வந்துவிட்டது. என் தோழி அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள்.

"பாட்டி, கடலைப் பார்த்தால் உங்களுக்குப் பயமாக இல்லையா?"

"பயம் இல்லாம எப்படிம்மா? பயந்துக்கிட்டேதான் இத்தனை நாளும் அது போட்ட சோத்தைத் தின்னோம்."

புறப்படும்போது ஆளுக்கொரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்தார். திரும்பும் பேருந்து முழுதும் மணத்தது. இம்முறை நான் தலை குனியவில்லை.

அன்பு நண்பர்களே! கடலோர ஊருக்குப் போக விரும்பினால் தை, மாசி மாதங்களில் வாருங்கள். காற்று இதமாக இருக்கும், கடலும் அமைதியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும், அப்போது அலையில் இறங்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, அந்நாட்களில் மீனுக்கு விலை ஏறியிருக்கும். சுற்றிப் பார்க்க வருபவருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். குடியிருக்க வருபவர் வேறு கேட்க வேண்டும். கிணற்று நீர் உப்பா நல்லதா? மனை எவ்வளவு மேடு? பத்தாண்டுகளுக்கு முன் கரை எங்கே இருந்தது? அலை வந்தால் ஓட வழி எது? இவற்றுக்கு விடை சன்னலில் கிடைக்காது. கருவாடு காயவைக்கும் கிழவியிடம் கிடைக்கும்.

எங்கள் புதிய வீடு நல்ல வீடு. சுவர் உறுதியானது, மழைக்கு ஒழுகாது. ஒரே குறை, அங்கிருந்து கடல் தெரியாது. முன்பெல்லாம் அப்பா விடியுமுன் திண்ணையில் நின்றபடியே வாடையா, சோழகமா, கொண்டலா என்று காற்றறிந்து, நீரின் நிறம் பார்த்து முடிவு செய்வாராம். இப்போது அதற்காகவே இருட்டில் கரை வரை நடக்கிறார்.

சென்ற மாதம் அவர் என்னிடம் ஓர் ஐயம் கேட்டார். "ஏம்மா, நீதான் பிசிக்ஸ் படிக்கிறியே. காசு சேத்து ஒரு மாடி கட்டுனா அங்கேருந்து கடல் தெரியுமா?"

நோட்டுப் புத்தகத்தை எடுத்து முக்கோணம் வரைந்தேன். மாடியில் நின்றால் கண்ணின் உயரம் சுமார் 5 மீட்டர். ஆனால் நடுவே, பேரலைக்குப் பிறகு தடுப்பாக நட்ட சவுக்குத் தோப்பு நிற்கிறது. அதன் உயரம் மாடியைப்போல் இரண்டு மடங்கு. எப்படிக் கணக்கிட்டாலும் பார்வைக் கோடு மரத்தில்தான் முட்டியது. "தெரியாதுப்பா, மரம் மறைக்கும்" என்றேன்.

அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மரம் இருக்கட்டும்மா. ராத்திரியில சத்தம் நல்லாக் கேக்கும்ல? அது போதும். மாடி கட்டிடுவோம்" என்றார்.

பட்டம் பெற்றபின் எந்த ஊரில் வாழப் போகிறாய் என்று உறவினர் பலரும் கேட்கிறார்கள். வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே போகத்தான் வேண்டும். ஆனால் என் முதல் சம்பளம் எந்த ஊரில் செங்கல்லாகும் என்பதில் எனக்கு ஐயமில்லை.