சாரதியை வளர்க்கும் வீடு

அன்புள்ள நண்பருக்கு,

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்துவிட்டு மதுரைக்கு வந்து சேர்ந்தேன். மகன் கோ-கார்ட் ஓட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுத இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. பிள்ளையைப் பந்தயத்துக்கு அனுப்பும் பழக்கம் இந்த வட்டாரத்து வீடுகளுக்குத் தலைமுறை தலைமுறையாக உண்டு.

பெரிய மாடு, நடுமாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரித்து வண்டிகளை விடுகிறார்கள். போக வர இத்தனை மைல் என்று நோட்டீஸிலேயே அச்சடித்திருக்கும். வண்டியில் சாரதியும் துணைச் சாரதியும் மட்டும்தான். ஆனால் கொடி விழும்வரை அந்த வண்டியைச் சுற்றி நின்றது ஒரு முழுக் குடும்பம். அப்பா நுகத்தடியைப் பிடித்திருக்க, சித்தப்பா கடையாணியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். தாத்தா மாட்டின் மூக்கணாங்கயிற்றைத் தளர்த்திவிட்டு ஒன்றும் பேசாமல் ஒதுங்கிக்கொண்டார். உச்ச நீதிமன்றம் 2014இல் ஜல்லிக்கட்டோடு இந்தப் பந்தயங்களுக்கும் தடை போட்டது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்த பிறகுதான் வழி திறந்தது. இடையில் பந்தயமே இல்லாத காலத்திலும் பருத்திக்கொட்டையும் தவிடும் வைத்து மாட்டைக் காப்பாற்றிய வீடுகள் இங்கே இருக்கின்றன. பரிசுப் பணத்தை மட்டும் நினைத்து யாரும் இதைச் செய்ய மாட்டார்கள்.

மறுநாள் நகருக்குள் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் வீட்டுப் பையன் கோ-கார்ட் ஓட்டுகிறான். இரும்பு ஸ்டாண்டின் மேல் வண்டி தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் நின்றது. கிட்டத்தில் பார்த்தால் வியப்பாக இருக்கும். சஸ்பென்ஷன் கிடையாது, டிஃபரென்ஷியல் கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்தே சுற்றுகின்றன. அதனால் வளைவில் உள்பக்கத்துப் பின்சக்கரம் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தால்தான் வண்டி திரும்பும். சீட்டை விரற்கடை முன்னே தள்ளினாலும் அந்தக் குணம் மாறிவிடுமாம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் டயர்க் காற்று எவ்வளவு, ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்று அம்மா ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். மளிகைக் கணக்கு எழுதும் அதே கையெழுத்து.

என் மனதை விட்டுப் போகாதது வேறொன்று. கார்ட்டுக்கும் ஓட்டுபவருக்கும் சேர்த்துக் குறைந்தபட்ச எடை என்று ஒன்று விதியில் உண்டு. பிள்ளை ஒல்லியாக இருந்தால் சீட்டில் ஈயத் துண்டுகளை போல்ட் போட்டு முடுக்கி எடையைச் சரிக்கட்டுவார்கள். பையன் வளர வளர ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுவார்கள். கழற்றிய துண்டுகளை அப்பா அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்.

இந்த வீட்டுக்கு என்ன குறை என்றால், பந்தயத் தடம் பக்கத்தில் இல்லை. மதுரை, டி.வி.எஸ். நிறுவனம் 1911இல் பிறந்த ஊர். மோட்டார் வேலை தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஆனால் தேசியப் போட்டி நடக்கும் தடத்துக்குக் கோவைக்கோ சென்னைக்கோ போக வேண்டும். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகக் கோவை இருநூறு கிலோமீட்டருக்கு மேல். வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போய், ஓட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை; சென்னைத் தடம் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்தானே!

வீடு பிள்ளையோடு நிற்பதற்கு உதாரணமாகப் பந்தய ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனை எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் பிறந்த கோவைக்காரர். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியில் ஏழு முறை வென்றவர். மகன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து அதே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், ஃபார்முலா மாருதி என்ற சின்ன வண்டியில். அதிலேயே முதல் மூன்று இடங்களுக்குள் வந்துவிட்டார். 1992இல் பிரான்சில் எல்ஃப் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளி, பிறகு இங்கிலாந்தில் சிறிய ஃபார்முலா வண்டிகள், 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டம். 2005இல் ஜோர்டான் அணியில் ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியரானபோது அவருக்கு வயது 28. பதினைந்து வயதில் பிரான்சுக்குப் போன பிள்ளைக்காக ஒரு வீடு எத்தனை வருஷம் காத்திருந்தது என்று எண்ணிப் பாருங்கள். கருண் சாந்தோக் வீட்டிலும் இதே கதைதான். தாத்தா இந்து சாந்தோக் 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். அப்பா விக்கி ராலி ஓட்டியவர். பேரன் 2010இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார்.

இவர்கள் வசதியான வீட்டார்தானே என்பீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. அதனால்தான் எஸ். கரிவர்தனை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும் என்கிறேன். மாருதி 800இன் மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து, ஃபார்முலா மாருதி என்ற அந்த ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியைக் கட்டியவர் அவர்; அவரும் கோவைக்காரர். ஊர் மெக்கானிக் கை வைக்கக்கூடிய எஞ்சின், ஊரிலேயே கிடைக்கும் உதிரிபாகம். எல்லாரும் ஒரே வகை வண்டியில் ஓடினார்கள் என்பது இன்னும் முக்கியம். யார் பணக்காரர் என்பதைவிட யார் ஓட்டுகிறார் என்பது அதில் தெரியவந்தது. 1995இல் சிறு விமானம் விழுந்து அவர் இறந்துபோனார். 2003இல் கோவை பக்கத்துச் செட்டிபாளையத்தில் திறந்த தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். மதுரைச் சுவரொட்டிகளில் பந்தய உடையோடு நிற்கும் நடிகர் அஜித்குமார்கூட 2002இல் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான்.

ஆகவே, மகனை விடுங்கள். முதலிலேயே கார்ட் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வாடகை வண்டியில் ஓட்டட்டும். தேசியப் போட்டி நடக்கும் நாளில் குடும்பத்தோடு, வண்டிகளைத் தயார் செய்யும் பிட் பக்கம் போய் நில்லுங்கள். ஓட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம் அப்பாக்கள் என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். தோற்று வந்தவனை அங்கேயே வைத்துத் திட்டும் அப்பாவையும் பார்ப்பீர்கள். பட்டறைக்காரர் எனக்குச் சொன்ன ஒன்றை உங்களுக்கும் சொல்கிறேன்: வண்டி டிராக்கில் இருக்கும்போது அவர் வேலி ஓரத்துக்கே போவதில்லை, கையைக் காட்டி எதுவும் சொல்வதுமில்லை. பையன் வந்து ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை கேள்வியும் கேட்பதில்லை.

இப்படிப் பேசாமல் பொறுத்திருப்பதை நீங்கள் தாங்குவீர்களா என்பதை முதலில் யோசியுங்கள். செலவு எவ்வளவு ஆகும் என்பதை அடுத்த வாரம் செட்டிபாளையத்தில் விசாரித்து எழுதுகிறேன். பந்தயம் ஓட்டத் தேவையான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு) உரிமத்துக்கு மருத்துவச் சான்றும் பெற்றோர் கையெழுத்தும் கேட்பார்கள். அந்தத் தாள்களை இப்போதே தயார் செய்து வையுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து உங்கள் நண்பன்