இதயத்துக்கு அச்சு எடுத்தபோது

இதயத்தின் இடது சுவர் தடிப்பு, வலது சுவர் மெலிவு என்று பத்தாம் வகுப்பில் படித்துத்தான் தேர்வு எழுதினேன். அது எவ்வளவு பெரிய சங்கதி என்பது விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் மண்ணைத் தொட்ட பிறகே விளங்கியது. நல்லூரிலிருந்து பஸ் ஏறிப் போய் அங்கே ஒரு பட்டறையில் தொழில் பழகுகிறேன். கொலு பொம்மையும் அகல் விளக்கும்தான் வழக்கமான வேலை. இந்த முறை பள்ளி ஆய்வகத்துக்கு, பிரித்துப் பார்க்கிற மாதிரி ஓர் இதயம் கேட்டிருந்தார்கள்.

பொம்மை வார்ப்பது எளிது. களிமண்ணையும் ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் பொடியையும் நீரில் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால், அச்சு தண்ணீரை உறிஞ்சும். மண் சுவராகப் படியும். மிச்சக் கரைசலைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே வெற்றிடம். சுவர் எங்கும் ஒரே தடிமனாக வரும். இதயம் அப்படி இல்லை. வலது வென்ட்ரிக்கிள், அதாவது வலது கீழறை, பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு மட்டும் ரத்தம் அனுப்புகிறது, 25 மி.மீ. பாதரச அழுத்தம் போதும். இடதுக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பொறுப்பு; அங்கே அழுத்தம் 120. அதனால் அதன் சுவர் ஏறக்குறைய மூன்று மடங்கு.

“ரொம்ப நேரம் ஊற விட்டா தடிக்காதா மாஸ்டர்?” என்று கேட்டேன்.

“படிஞ்ச மண்ணே தண்ணிய மறிக்கும் தம்பி. மூணு மடங்கு சுவருக்கு ஒம்பது மடங்கு நேரம் ஆகும். அதுக்குள்ள அச்சு நனைஞ்சு போயிடும்.”

ஆகவே வலதைக் கரைசலில் வார்த்தோம். இடதுக்கு மண்ணைத் தகடாகத் தட்டி அச்சில் அழுத்தினோம். இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது ஒட்டி, பாலித்தீன் தாளால் மூடி மெதுவாக உலரவிட்டோம். தடித்த பக்கம் ஒரு வேகத்திலும் மெலிந்த பக்கம் ஒரு வேகத்திலும் சுருங்கினால் நடுச்சுவர் பிளந்துவிடும். மாஸ்டர் அதிகம் பேசாமல் விரலால் ஈரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த விரல்தான் நான் கற்க வேண்டியது.

வால்வுகளுக்கு வந்ததும் மண் கைவிட்டது. நான்கு வால்வுகளின் இதழ்களும் மெல்லியவை. அவற்றைத் திறந்து மூடத் தனித் தசை கிடையாது. முன்னும் பின்னும் மாறும் ரத்த அழுத்தமே திறக்கிறது, மூடுகிறது. ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் தடவை. சுட்டால் விறைக்கிற பொருளில் அதைச் செய்ய முடியாது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தானும் குழுவினரும் செயற்கை வால்வு உருவாக்கியபோது, அதன் வட்டத் தகட்டுக்கு நீலக்கல்லையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். நீலக்கல் என்பது அலுமினியம் ஆக்ஸைடு, எங்கள் தொழிலில் அலுமினா என்கிற அதே பொருள். கடைசியில் நிலைத்தது ஒருவகைப் பாலித்தீன். 1990 டிசம்பரில் அந்த வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பீங்கான் பழகும் எனக்கு இந்தச் செய்தி வருத்தம் தரவில்லை. பொருளின் குணம் அறிந்து விலகுவதும் தொழில்தானே.

நாங்கள் ரப்பர் தாளில் இதழ் வெட்டினோம். ஈரிதழ் வால்வின் விளிம்புகளிலிருந்து நைலான் நூல் இழுத்து வென்ட்ரிக்கிளுக்குள் கட்டினோம். நிஜத்தில் அந்த நாண்களைப் பிடித்திருப்பவை உள்சுவரிலிருந்து எழும் சிறு தசைகள். கீழிருந்து தண்ணீரைத் தள்ளினால் இதழ்கள் எழுந்து ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. நூலை அவிழ்த்துவிட்டுத் தள்ளினால், காற்றில் புரளும் குடை போல மேலறையான ஆரிக்கிள் பக்கம் மடிகின்றன. தண்ணீர் பின்னால் ஒழுகுகிறது. இதழின் ஓரங்களைப் பசையால் ஒட்டியும் பார்த்தோம்: வழி குறுகிவிட்டது. சிறுவயதுத் தொண்டைப் புண்ணுக்குச் சரியாக மருந்து எடுக்காமல் ருமாட்டிக் காய்ச்சல் வந்த சிலருக்கு நேர்வது இதுவே. ஆசிரியர்கள் கட்டாயம் இதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட வேண்டும்.

இப்போது மகாதமனியின் அரைச்சந்திர வால்வில் இருக்கிறேன். அதற்கு நூல் வேண்டாம். மூன்று பைகளும் திரும்பி வரும் ரத்தத்தால் நிரம்பித் தாமே மூடிக்கொள்ளும். அந்தப் பைகளுக்குச் சற்று மேலேதான் இதயத்துக்கே ரத்தம் தரும் தமனிகளின் இரண்டு வாய்களும் இருக்கின்றன. சுடுவதற்கு முன்பே மண்ணில் அந்தத் துளைகளைப் போட்டாக வேண்டும்.