சொட்டுக் குழாயும் எழுபது வயதும்

பள்ளியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். குழாய் வேலை செய்பவரை அந்த மொழியில் 'ப்ளோம்பியே' என்பார்கள். 'ப்ளோம்' என்றால் ஈயம். அந்தக் காலத்தில் குழாய்களை ஈயத்தில் செய்ததால் வந்த பெயர். ஆங்கிலத்து 'பிளம்பர்' என்பதும் ஈயத்துக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். சொல்லின் வரலாறு தெரிந்திருந்ததே தவிர, எழுபது வயது வரைக்கும் ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்ததில்லை. ஆபீசில் குழாய் ஒழுகினால் கடிதம் எழுதி மேலே அனுப்புவதோடு என் வேலை முடிந்துவிடும்.

சென்ற ஆண்டு திருப்புட்குழி வீட்டில் கொல்லைப்புறக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. பிளம்பருக்குப் போன் செய்தால், "நாளைக்கு வரேன் சார்" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. புது வீடு கட்டும் இடத்தில் முழு நாள் கூலி கிடைக்கும்போது, ஒரு குழாய்க்காக யார் வருவார்கள்?

பக்கத்து வீட்டில் குழித்தறி ஓடுகிறது. ஒரு நாள் காலை அந்தத் தம்பி வந்து, "சார், தறிக்குழியில ஈரம் ஊறுது" என்றார். குழியில் ஈரம் ஏறினால் நெசவு நின்றுவிடும் என்பது நம் காஞ்சிப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நம் வீட்டுச் சொட்டு அடுத்த வீட்டுச் சோற்றில் கை வைக்கலாமா?

அன்று குழாயடியில் ஒரு பாத்திரத்தை வைத்துப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு லிட்டர், அதாவது நாளைக்கு 16 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு. மூன்றரை நாள் சொட்டினால் ஒருவருடைய ஒரு நாள் பங்கு மண்ணுக்குப் போய்விடும்.

வேலை என்னவோ சின்னதுதான். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் வால்வை மூடினேன். கொல்லைக் குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்தேன். தலைப்பகுதியை ஸ்பேனரால் கழற்றியதும் அடியில் தேய்ந்துபோன ரப்பர் வாஷர் தெரிந்தது. அதைப் பாலுசெட்டி சத்திரம் கடைக்கு எடுத்துப் போய் அதே அளவில் வேறு ஒன்று வாங்கி வந்தேன். பழைய உருப்படியைக் கையில் கொண்டு போவது முக்கியம், வாயால் சொன்னால் அளவு மாறிவிடும். மாட்டி முடித்ததும் சொட்டு நின்றது. இரண்டு நாளில் தறிக்குழியும் காய்ந்துவிட்டது.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். கை எட்டும் உயரத்தில் வாஷர் மாற்றலாம், மரையில் டெஃப்ளான் டேப் சுற்றலாம். ஏணி ஏற வேண்டிய வேலையும் சுவருக்குள் ஓடும் குழாயும் நமக்கு வேண்டாம். அதற்கு எத்தனை நாளானாலும் ஆள் வரட்டும்.

ஆனால் தண்ணீரை நிறுத்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வால்வைத் தொடாமலே விட்டால் இறுகிவிடும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை திருகிப் பாருங்கள். எந்த வால்வு எதற்கு என்று பெயின்டில் எழுதி, என் மனைவியையும் ஒரு தடவை மூடித் திறக்கச் சொன்னேன். "நீங்கதான் இருக்கீங்களே, எனக்கு எதுக்கு?" என்றாள். எதற்கு என்று நான் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்காமல் வால்வைத் திருகினாள்.