முகத்தில் ஒரு மச்சம்

மன்னார்ப் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தை அறியாதவர் அத்தீவில் இலர். அம்மரத்துக்கு அண்மையில்தான் என் தங்கையின் வீடு. சென்ற ஆவணி மாதத்து மாலைப்பொழுது ஒன்றில் நான் அங்கே சென்றிருந்தேன். வழக்கமாக வாசலுக்கு ஓடி வந்து வரவேற்கும் என் மருமகள், அன்று கண்ணாடியின் முன்னே கலங்கிய கண்களுடன் அமர்ந்திருந்தாள்.

காரணம் பெரிதன்று. தை மாதம் அவளுக்குத் திருமணம். மாப்பிள்ளை வீட்டு உறவினரான ஓர் அம்மையார் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, "பெண் நல்ல பெண்தான், கன்னத்து மச்சத்தை எடுத்துவிட்டால் இன்னும் இலட்சணமாக இருக்கும்" என்றாராம். அச்சொல் அவள் நெஞ்சில் தைத்துவிட்டது.

"லேசர் ஒளியால் எடுக்கிறார்களாம், மாமா. பத்து நிமிட வேலை. நோவும் இல்லை, தழும்பும் இல்லையாம். அழகு நிலையம் ஒன்றிலே முற்பணமும் கட்டிவிட்டேன்" என்றாள்.

அதிர்ஷ்டசாலியை 'மச்சக்காரன்' என்று புகழும் மக்கள் நாம். அதே மச்சம் மணப்பெண்ணின் கன்னத்தில் இருந்தால் குறை காண்கிறோம். வேறொரு நாளாயின் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு வந்திருப்பேன். அன்று என்னால் சிரிக்க முடியவில்லை. என் மூத்த அண்ணனின் நினைவு வந்துவிட்டது.

அண்ணன் கடற்றொழிலாளி. வெறுங்காலுடன் கரைவலை இழுத்தவர். 2002ஆம் ஆண்டிலே அவருடைய குதிகாலில் ஒரு கரும்புள்ளி தோன்றியது. சிப்பி கிழித்த தழும்பு என்றார் ஒருவர். காலாணி என்றார் மற்றொருவர். ஊரில் ஒருவர் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்துப் பூசி அதனை எரித்துவிட்டார். புள்ளி மறைந்தது, அண்ணனும் மகிழ்ந்தார். ஆறு மாதம் சென்றபின் அவ்விடம் புண்ணாகிற்று. பின்னர்த் தொடையிடுக்கிலே கட்டி கண்டது. மகரகமைக்குக் கொண்டுசென்றபோது, 'மெலனோமா' என்னும் தோற்புற்றுநோய் உடலெங்கும் பரவியிருந்தது. அடுத்த ஆண்டு அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்தார். முதலிலேயே அப்புள்ளியை வெட்டி ஆய்வுக்கு அனுப்பியிருந்தால்? இந்தக் கேள்வி இன்றும் என்னை விட்டபாடில்லை.

"பிள்ளாய், எடுப்பதும் விடுவதும் உன் விருப்பம். அது என்ன மச்சம் என்று அறிந்தபின் முடிவு செய்" என்றேன். மறுவாரம் சங்குப்பிட்டிப் பாலத்தின் வழியே பஸ் ஏறி, யாழ்ப்பாணத்திலே தோல்நோய் வைத்திய நிபுணர் ஒருவரைக் கண்டோம்.

அவர் விளக்குப் பொருத்திய சிறிய உருப்பெருக்கியினால் மச்சத்தை நெடுநேரம் நோக்கினார். ஐந்து குறிகளை எங்களுக்கு எடுத்துரைத்தார். மச்சத்தின் ஒரு பாதி மறுபாதியை ஒவ்வாதிருத்தல், ஓரம் ஒழுங்கற்றிருத்தல், நிறம் பலவாதல், குறுக்களவு 6 மில்லிமீற்றரை மிஞ்சுதல், நாளடைவில் மாற்றம் அடைதல். இவற்றுள் எது காணப்படினும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அரித்தாலும் குருதி கசிந்தாலும் அவ்வாறே. நம்மைப் போன்ற கருநிறத்தவர்க்கு இந்நோய் அரிது. வருமாயின் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலேயே பெரும்பாலும் வரும். பாடகர் பொப் மார்லிக்குக் கால்விரல் நகத்தின் கீழ்த் தோன்றியதும் இதுவே. 1981இல் தம் 36ஆவது வயதில் அவர் இறந்தார்.

மருமகளின் மச்சம் தீங்கற்றது என்றார் வைத்தியர். எனக்கு உயிர் வந்தது.

"அப்படியானால் லேசரால் எடுத்துவிடலாமா?" என்று அவள் ஆவலோடு கேட்டாள்.

வைத்தியர் பொறுமையாக விளக்கினார். லேசர் ஒளியைத் தோலின் கருமை உறிஞ்சும்; அது வெப்பமாகி அவ்விடத்தைச் சுட்டழிக்கும். எனவே நுண்ணாடியின் கீழ் வைத்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. ஐயத்துக்குரிய மச்சத்தை லேசரால் எடுக்கலாகாது என்பது இதனாற்றான். அத்தகைய மச்சத்தைக் கத்தியால் அகற்றி ஆய்வுக்கு அனுப்புவதே முறை. மேலும், கருநிறத் தோலில் சுற்றியுள்ள நிறமும் ஒளியை உறிஞ்சுவதால், அவ்விடம் வெளுக்கலாம். அன்றி முன்னிலும் கறுக்கலாம். வேர் ஆழத்தில் இருந்தால் மச்சம் மீண்டும் தோன்றுவதும் உண்டு. சிகிச்சையின் பின் பல வாரங்கள் வெயில் படாமல் காக்க வேண்டும். மன்னார் வெயிலில் அது எளிதன்று.

பின்பு அவருடைய பார்வை மருமகளின் காதிலே விழுந்தது. மேற்காது குத்திய இடத்தில் பயற்றங்காய் விதையளவில் ஒரு தடிப்பு இருந்தது. "இது 'கீலொயிட்' எனப்படும் மிகைத்தழும்பு. இத்தன்மை உள்ளவர்களுக்கு எந்தக் காயமும் இவ்வாறு தடிக்கக்கூடும். தட்டையான ஒரு புள்ளியைக் கொடுத்துப் புடைத்த ஒரு தழும்பை வாங்க நேரலாம். யோசியுங்கள்" என்றார்.

அழகு நிலையத்தில் இக்காதை ஒருவரும் பார்க்கவில்லை; ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முற்பணம் வாங்கியதோடு சரி.

வீடு திரும்பியதும் மருமகள் மாப்பிள்ளையுடன் தொலைபேசியில் பேசினாள். "அது உன் முகம், உன் விருப்பம். எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை" என்றாராம் அவர். திருமணம் முடியும்வரை மச்சத்தைத் தொடுவதில்லை என்று அவளே தீர்மானித்தாள். முற்பணம் திரும்பி வரவில்லை. போகட்டும்.

லேசரை நான் பழிக்கவில்லை. 1960இல் தோன்றிய அவ்வொளி கண் வைத்தியம் முதலாகப் பலவற்றில் நன்மை செய்திருக்கிறது. ஆயினும் அதனை நாடுமுன் மச்சத்தைத் தகுதி பெற்ற வைத்தியர் பார்த்தாரா, அவர் இலங்கை மருத்துவ சபையிற் பதிந்தவரா, நம் தோலின் இயல்பை விசாரித்தாரா என்று கேட்பது நம் கடமை. அதனினும் முன்னதாக, எடுக்க வேண்டும் என்னும் எண்ணம் நம்முடையதா, பிறர் வாயிலிருந்து வந்ததா என்பதையும் எண்ண வேண்டும்.

சென்ற வாரம் மீண்டும் தங்கை வீட்டுக்குப் போனேன். கடலிலிருந்து திரும்பிய மைத்துனர் திண்ணையில் அமர்ந்திருக்க, மருமகள் கைவிளக்கோடு அவருடைய உள்ளங்கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாதம் ஒருமுறை இந்தச் சோதனை" என்று மைத்துனர் அலுத்துக்கொண்டார். நான் ஒன்றும் பேசாமல் என் செருப்பைக் கழற்றி அவரருகே அமர்ந்தேன்.