அவசரமில்லாத தீவில் அம்மா

"டீச்சர், எழுபது வயசைத் தாண்டின அம்மாவைக் காசிக்குக் கூட்டிட்டுப் போனாலும் புண்ணியம் உண்டு. முதுகுல மூட்டையைக் கட்டி, பேர் தெரியாத தீவுக்கு இழுத்துக்கிட்டுப் போறீங்களே!"

பக்கத்து வீட்டு அக்காள் கேட்ட கேள்வி இது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. எங்களிடம் சக்கரம் வைத்த பெட்டி இல்லை, பயண நிறுவனத்தின் ஏற்பாடு இல்லை. எனக்கு ஒரு முதுகுப் பை. அம்மாவுக்கு, என் தம்பி மகன் போட்டுப் பழசாக்கிய பள்ளிக்கூடப் பை. அதனுள் இரண்டு சேலை, ஒரு கம்பளிச் சட்டை, முட்டிக்குத் தடவும் தைலம், ஒரு பொட்டலம் கற்பூரம், எலுமிச்சை ஊறுகாய். அவ்வளவுதான்.

"கொடும்மா, ரெண்டையும் நானே தூக்குறேன்" என்றேன்.

"காண்டாக் கம்புல ரெண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கிட்டு மேடு ஏறினவளுக்கு இது ஒரு சுமையா? நீ உன்னுதைப் பாரு, பாப்பா" என்றார் அம்மா.

நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அம்மா அதே தோட்டத்தில் பால் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, உதிர்ந்த பழம் பொறுக்கியவர்.

இந்தப் பயணத்துக்கு வித்திட்டது அம்மாவின் ஒரு கேள்விதான். ஒருநாள் மாலை, பள்ளிக் கண்காட்சிக்காக உலகப் படம் ஒன்றில் கப்பல் பாதைகளை வரைந்துகொண்டிருந்தேன். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஒரு கோடு. காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கரிபியன் கடலுக்கு இன்னொரு கோடு. தேநீர் கொண்டுவந்த அம்மா அந்த நீண்ட கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இந்தப் பக்கம் வந்த நாம இப்படி ஆனோம். அந்தப் பக்கம் போனவங்க என்னா ஆனாங்க?"

எனக்குப் புத்தகத்தில் படித்தது தெரியும், சொன்னேன். பிரெஞ்சுக்காரர்களின் தீவுகளில் 1848-ல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் போதவில்லை. அதனால் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் நம் மக்களைக் கப்பலேற்றினார்கள். குவாதலூப் என்ற தீவுக்கு முதல் கப்பல் 1854 டிசம்பரில் போய்ச் சேர்ந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் அங்கே இறங்கினார்கள்.

"புத்தகத்துல உள்ளதைக் கேக்கலே. இப்ப என்னா ஆனாங்க?" என்றார் அம்மா.

பதில் சொல்லத் தெரியவில்லை. நாலு வருடம் மாதா மாதம் பணம் சேர்த்தேன். பள்ளி ஆண்டு இறுதி விடுமுறையில் புறப்பட்டோம்.

கோலாலம்பூரிலிருந்து பாரிஸ். அங்கே ஒரு விமான நிலையத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறி, மேலும் எட்டு மணி நேரத்துக்கு அதிகமாகப் பறந்து புவாந்தாபித்ர் என்ற ஊரில் இறங்கினோம். குவாதலூப்பின் பெரிய ஊர் அது. இறங்கியதும் நேரத்தை மாற்றிக் கொடுக்க அம்மாவின் கைக்கடிகாரத்தை வாங்கினேன். என் முதல் சம்பளத்தில் அவருக்கு வாங்கித் தந்த கடிகாரம். பார்த்தால், மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை! நமக்கும் அந்தத் தீவுக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். நமக்கு விடியற்காலை நாலு மணி என்றால் அங்கே மாலை நாலு மணி. முள் நின்ற இடத்தில் நிற்கலாம்.

அன்று பகல் அயர்ந்து தூங்கிய அம்மா மாலை சரியாக நாலு மணிக்கு வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "பெரட்டுக்கு நேரமாச்சு!" என்று தலையை முடிந்தவர், சன்னலில் வெயிலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரித்தது அவர்தான். எனக்குத் தொண்டை அடைத்தது. பெரட்டு நின்று எத்தனை வருடம்! அந்த உடம்பு இன்னும் வரிசையில் நிற்கிறது.

மறுநாள் பாசாருக்குப் போனோம். மசாலைத் தூள் விற்ற அம்மணிகளின் தலையில் கட்டம் போட்ட துணி. அந்தத் துணிக்கு அங்கே பெயர் 'மத்ராஸ்'. நம் சென்னைப் பட்டணத்திலிருந்து கப்பலில் போன துணி, அந்தத் தீவுப் பெண்களின் விழா உடையாகவே ஆகிவிட்டது. "உங்க தாத்தா கைலிடி இது!" என்றார் அம்மா. மஞ்சளும் மல்லியும் கலந்த ஒரு தூளை முகர்ந்து பார்த்தார். அதன் பெயர் 'கொலொம்போ' என்றார்கள். அந்தத் தூளைப் போட்டு ஆக்கும் ஆட்டுக்கறி, கோழிக்கறி எல்லாவற்றுக்கும் அதே பெயர்தான். அம்மா இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புக் கூறினார்: "கொலொம்போ இல்லே பாப்பா, குழம்பு. வாயிலே கொழகொழன்னு ஆயிருச்சு."

அங்கிருந்து கபெஸ்தேர் என்ற ஊருக்குப் பேருந்தில் போனோம். வாழைத் தோட்டங்கள் நிறைந்த அந்த ஊரின் பெரிய சடக்கு ஓரத்தில் நம் கோயில் ஒன்று வெள்ளை வெளேரென்று நிற்கிறது. அங்கே அவர்கள் 'மாலியெமேன்' என்று கும்பிடுவது நம் மாரியம்மனைத்தான். முதியவர் ஒருவர் எங்களை வரவேற்றார். அவருடைய பேத்திக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தது. மத்தளத்தை 'மத்தலோன்' என்றார். பூசையில் பாட்டை முன்னின்று பாடுகிறவரை 'வாத்தியாலு' என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். நம் வாத்தியார்தான் அவர்! முதியவர் இரண்டு அடி பாடிக் காட்டினார். தமிழ்தான். ஆனால் பொருள் அவருக்குத் தெரியவில்லை. காதால் கேட்டுக் கேட்டு நெஞ்சில் ஏற்றியது.

அம்மா பையிலிருந்து கற்பூரத்தை எடுத்து ஏற்றினார். முதியவரின் கண்கள் கலங்கின. இருவருக்கும் பேச ஒரு வார்த்தை இல்லை. வார்த்தை தேவைப்படவும் இல்லை.

அந்த ஊரில் பிறந்தவர்தான் ஆன்றி சிதம்பரம். 1863-ல் பிறந்தவர். இந்தியர்களின் பிள்ளைகளுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று 1904-ல் வழக்காடத் தொடங்கினார். 1923-ல்தான் நியாயம் கிடைத்தது. பத்தொன்பது ஆண்டுகள்! 1952-ல் மறைந்தார். பேத்தி சொல்ல நான் தமிழில் சொன்னேன். அம்மா அமைதியாகக் கேட்டார். அவர் பிறந்ததும் அதே 1952-ல்தான். பிறந்த மண்ணிலேயே சிவப்பு அடையாளக் கார்டோடு நாற்பது வயதுவரை நடந்தவர் அவர்.

"எங்கே போனாலும் நம்ம ஆளுக்கு ஒரு தாளுக்காக நடக்கத்தான் வேண்டியிருக்கு" என்றார்.

இனி அந்தச் சின்னத் தீவைப் பற்றிச் சொல்கிறேன். குவாதலூப்பைச் சேர்ந்த மரி கலாந்த் என்ற தீவு அது. புவாந்தாபித்ரிலிருந்து படகில் ஒரு மணி நேரம். 1493-ல் கொலம்பஸ் தன் கப்பலின் பெயரை அதற்கு வைத்தார். வட்டமான தீவு. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் பதினைந்து கிலோ மீட்டர் இருக்கும். எங்கே திரும்பினாலும் கரும்பு. கரும்பு நசுக்கிய பழைய காற்றாலைகள் ஆங்காங்கே கல் தூண்கள் போல் நிற்கின்றன. அதனால் 'நூறு காற்றாலைத் தீவு' என்று அதற்குப் பெயர். கரும்பேற்றிய மாட்டு வண்டியை இன்றும் அங்கே காணலாம்.

அங்கே யாருக்கும் அவசரம் இல்லை. கடைக்காரர் வாடிக்கையாளரோடு பேசி முடித்த பிறகுதான் அடுத்தவரைப் பார்ப்பார். எதைக் கேட்டாலும் 'தூஸ்மான்' என்பார்கள். மெல்ல, மெல்ல என்று பொருள். முதல் நாள் எனக்கு இனித்தது. மூன்றாம் நாள் எரிச்சல் வந்தது. நான் மணியடித்தால் எழுந்து மணியடித்தால் உட்காரும் பள்ளிக்கூடத்துக்காரி அல்லவா?

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் தங்கியிருந்த கிராண்பூரிலிருந்து, கடற்கரை பார்க்கச் சேன் லூயி என்ற ஊருக்கு ஒரு வண்டியில் தொற்றிக்கொண்டு போயிருந்தோம். திரும்பும் வழியில் வண்டி மாடுகளைக் கண்ட அம்மா, அவற்றைத் தடவிக்கொண்டு வெகு நேரம் நின்றுவிட்டார். சடக்குக்கு வந்து காத்திருந்தோம். ஒரு மணி நேரம் போயிற்று. பேருந்து வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் பேருந்தே கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. மறுநாள் காலைப் படகுக்கு நாங்கள் கிராண்பூரில் இருந்தாக வேண்டும்.

வெயில், பசி, பயம் எல்லாம் சேர்ந்து என் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"எல்லாம் உன்னாலேதாம்மா! கொஞ்சம் சீக்கிரம் நடந்தா என்னா?"

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. புளிய மரத்தடியில் பையை வைத்து அதன் மேல் உட்கார்ந்தார். முட்டியை நீவிக்கொண்டே, கோபமில்லாத குரலில் சொன்னார்:

"அந்த வார்த்தையை உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே பாப்பா. விடியக்காலை இருட்டுல உன் கையைப் பிடிச்சு ஆயாக் கொட்டகைக்கு இழுத்துக்கிட்டு ஓடுவேன். பாதித் தூக்கத்துல தடுக்கித் தடுக்கி விழுவே. 'சீக்கிரம் நட, சீக்கிரம் நட'ன்னு முதுகுல ஒண்ணு வைப்பேன். பெரட்டுல பேரு போயிட்டா அன்னிக்குச் சம்பளம் இல்லே. என்னா செய்ய? அன்னிக்கு உன் காலு சின்னது. இன்னிக்கு என் காலு முடியலே. கணக்குச் சரியாப் போச்சு."

நான் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் தலையைத் தடவினார். கொட்டகை வாசலில் விட்டுப் போகும்போது ஒருநாளும் தடவ நேரமில்லாத கை அது.

அப்போது தலையில் மத்ராஸ் துணி கட்டிய மூதாட்டி ஒருத்தி எதிர் வீட்டிலிருந்து வந்தார். என் அழுகையைப் பார்த்து என்ன நினைத்தாரோ, தண்ணீரும் தட்டையான ரொட்டியும் கொண்டுவந்து தந்தார். மரவள்ளிக் கிழங்கு ரொட்டி. மரவள்ளியின் தாய்வீடே அந்தப் பக்கத்துத் தென் அமெரிக்கக் கண்டம்தான். ஜப்பான்காரன் காலத்தில் நம் தோட்டங்களில் உயிரைக் காத்த அதே கிழங்கு. பாட்டி சொன்ன பஞ்சக் கதைகளோடு வளர்ந்த அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றார்.

பிறகு இரு கிழவிகளும் கையால் பேசினார்கள். அம்மா மரத்தில் கத்தி இழுத்துக் காட்டினார். அந்த மூதாட்டி குனிந்து கரும்பு வெட்டிக் காட்டினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருவரும் ஒரே மாதிரி முகத்தைச் சுளித்தார்கள். அடுத்த நொடி சிரித்துவிட்டார்கள். மாலையில் கரும்பு விவசாயி ஒருவர் தன் லோரியில் எங்களை ஏற்றிக்கொண்டார். அவர் ஓட்டியதும் தூஸ்மான்தான்!

மறுநாள் காலைப் படகுக்கு நாங்கள் போகவில்லை. நான்தான் பயணத்தை இரண்டு நாள் தள்ளி வைத்தேன். அந்த இரண்டு நாளும் அம்மா போன வேகத்தில் நான் நடந்தேன். அவர் நின்றால் நின்றேன். ஊருக்கு வெளியே முரா என்ற பழைய கரும்புத் தோட்டத்தைப் பார்த்தோம். முதலாளியின் மாளிகை கூரையில்லாமல் நிற்கிறது. அடிமைகள் வேர்வை சிந்திய அந்த இடம் இப்போது எல்லாரும் வந்து பார்க்கும் காட்சியகம். புல்வெளியில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "இவங்க பாட்டன் முப்பாட்டன் எல்லாரும் ஓடி முடிச்சிட்டாங்க. அதான் பேரப் பிள்ளைங்க மெதுவா நடக்குறாங்க. நடக்கட்டும்."

அது முழு உண்மை இல்லை என்பது எனக்குத் தெரியும். வேலை தேடி அந்தத் தீவின் இளைஞர்கள் பெரிய ஊருக்கும் பிரான்சுக்கும் போய்விடுகிறார்கள். நம் தோட்டப் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போவதைப் போலத்தான். ஆனாலும் நான் அம்மாவைத் திருத்தவில்லை. நாலு வருடத்துக்கு முன் அவர் கேட்ட கேள்விக்கு அவரே கண்டுபிடித்த விடை அது.

கடைசி நாள் காலையில் கண் விழித்தேன். மணி ஏழு. பக்கத்தில் அம்மா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு நினைவு தெரிந்து, நான் எழுந்த பிறகும் அம்மா தூங்கிப் பார்த்த முதல் காலை அதுதான். எழுப்பவில்லை. அவர் கையிலிருந்த கடிகாரத்தை மெல்லக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். எழுந்த பிறகும் அவர் அதைத் தேடவில்லை.

வாசக அன்பர்களே, பெற்றவர்களை அழைத்துக்கொண்டு கடல் கடந்துதான் போக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. போர்ட் டிக்சன் கடற்கரையும் கடற்கரைதான். பக்கத்து ஊர்க் கோயில் மண்டபமும் போதும். ஒன்று மட்டும் செய்யுங்கள். அன்று ஒருநாள் அவர்களை முன்னே நடக்க விட்டு, நீங்கள் பின்னே போங்கள். நம் தோட்டங்களில் பால் வெட்டி நமக்குச் சோறு போட்ட கால்கள் எத்தனை மெதுவாக நடக்கின்றன என்று பாருங்கள்.

பக்கத்து வீட்டு அக்காள் இப்போது அம்மாவிடம் தினமும் கதை கேட்கிறார். நேற்று என்னைத் தனியே அழைத்து, "டீச்சர், அந்த மாதிரி முதுகுப் பை என்ன விலை?" என்று கேட்டார். அவருக்கும் எண்பது வயதில் ஓர் அம்மா இருக்கிறார்.