கணக்கும் கம்ப்யூட்டரும் ஒரே டிகிரியில்

"மேத்ஸ் படிச்சா வாத்தியார், கம்ப்யூட்டர் படிச்சா ஐ.டி. ரெண்டையும் சேர்த்துப் படிச்சா என்ன மாமா?" என்றான் பிளஸ் டூ முடித்த அக்கா மகன்.

1071, 462 இரண்டுக்கும் யூக்ளிட் முறையில் மீப்பெரு பொதுக் காரணி காணச் சொன்னேன். வகுக்க வகுக்க மீதி 147, 21, கடைசியில் 0. விடை 21. எந்த எண்களை எடுத்தாலும் இது முடிந்தே தீரும் என்று நிரூபிப்பது கணிதம். எத்தனை படிகளில் முடியும் என்று பார்த்து நிரலாக்குவது கணினி அறிவியல். 1977-இல் உருவான ஆர்.எஸ்.ஏ. குறியாக்கத்தில் சாவி தயாரிப்பதற்கும் இதே முறையின் நீட்சிதான் உதவுகிறது.

சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனத்தில் இரண்டையும் சேர்த்தே பி.எஸ்சி. ஆனர்ஸ் படிக்கலாம். நுழைவுத் தேர்வு உண்டு. கோடிங் மட்டும் போதும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. எதற்கும் காரணம் கேட்டுக் குடையும் பிள்ளை வீட்டில் இருந்தால், விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.